430 கி.மீ. பறக்க 29 நிமிடமா, 1 மணி 25 நிமிடமா? இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவில் எந்தக் கணக்கை நம்புவது

அலைச்சல்காரன்

அடுத்த மாதம் ஒரு சின்ன விமான நிலையத்தில் ஏறி இன்னொரு சின்ன விமான நிலையத்தில் இறங்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஊர்களைப் பற்றியே போய்விடும், அதனால் அ என்றும் ஆ என்றும் வைத்துக்கொள்கிறேன். பெரிய ஜெட் கிடையாது, ஏ.டி.ஆர் 72, டர்போபிராப், அதாவது இறக்கையில் விசிறி சுழலும் ரகம்.

குழப்பம் இதுதான். ஒரு தளம் 430 கி.மீ., 29 நிமிடம் என்கிறது. இன்னொன்று அதே 430 கி.மீ.க்கு 1 மணி 2 நிமிடம் என்கிறது. மூன்றாவது தளம் தூரம் 232 என்று போட்டுவிட்டு, 232 என்ன என்று சொல்லவே இல்லை. விமானங்களை நேரலையில் காட்டும் செயலியில் போன வாரப் பறப்பைத் திறந்தால் 476 கி.மீ., 58 நிமிடம். டிக்கெட்டில் 8:10 புறப்பாடு, 9:35 வருகை, அதாவது 1 மணி 25 நிமிடம்.

ஆ-வில் ஒருவரைப் பார்க்க வேண்டும், அவருக்கு 11 மணிக்கு வேறு வேலை இருக்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்குள் போக 35 நிமிடம். செயலி சொல்வது சரி என்றால் 9:08-க்கே தரையில் இருப்பேன், 9:45-க்கு வந்துவிடுகிறேன் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். டிக்கெட் சரி என்றால் அவரோடு உட்கார்ந்து பேச நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். எதை நம்புவது?

நிழற்குடை

எதையும் நம்பாதீர்கள். 29 நிமிடத் தூரத்துக்கு 85 நிமிடம் என்று டிக்கெட்டில் அடித்துவிட்டு, 75 நிமிடத்தில் இறக்கிவிட்டு "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று ஒலிபெருக்கியில் பெருமை அடித்துக்கொள்வார்கள். நாமும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு இறங்குவோம்.

சாய்கோடு

நேரத்துக்கு வருமுன் தூரத்தை முடித்துவிடுவோம், அதில் பெரிய மர்மம் இல்லை.

430 என்பது பெருவட்டத் தூரம். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறைந்த நீளம். இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் சராசரி ஆரம் 6371 கி.மீ. என்று வைத்து, ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால் வந்துவிடும். பூமி சரியான உருண்டை இல்லை, நடுக்கோட்டில் ஆரம் 6378 கி.மீ., துருவத்தில் 6357 கி.மீ., அதனால் இந்தச் சூத்திரம் அதிகம் போனால் அரை சதவீதம் பிசகும். 430-க்கு அது 2 கி.மீ. அதுவும் கூடாது என்றால் 1975-ல் வின்சென்ட்டி கொடுத்த முறை இருக்கிறது, நீள்வட்ட வடிவத்தையே கணக்கில் எடுத்து மில்லிமீட்டர் வரை வரும். ஆனால் ஓடுதளமே 2 கி.மீ. நீளம் இருக்கும்போது மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

232 என்பது கடல் மைல். 1.852-ஆல் பெருக்குங்கள், 430 வந்துவிடும். விமானத் துறை முழுக்கத் தூரத்தைக் கடல் மைலிலும் வேகத்தை 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கிலும்தான் பேசும், அந்தத் தளத்துக்காரர் எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டிவிட்டார். சாதாரண மைலில் இது 267.

இப்போது அந்த நேரங்கள். 29 நிமிடம் என்றவர் 430-ஐ மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்திருக்கிறார், அவ்வளவுதான். 1:02 என்றவர் 800-ஆல் வகுத்து 32 நிமிடம் எடுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து என்று ஒரு மொட்டை 30 நிமிடத்தை மேலே வைத்திருக்கிறார். எந்த விமானம் என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. கடலுக்கு நடுவில் இரண்டு பாறையைக் கொடுத்தாலும் பறக்கும் நேரம் சொல்லிவிடுவார்கள்.

நீங்களே போட்டுப் பார்ப்பதாக இருந்தால் ஒரு இடத்தில் கவனம். நிலையங்களின் அதிகாரப்பூர்வ ஆயத்தொலைவு டிகிரி, நிமிடம், விநாடி என்றுதான் கொடுக்கப்பட்டிருக்கும். 10 டிகிரி 46 நிமிடத்தை 10.46 என்று தட்டினால் போச்சு, சரியான எண் 10.767. அந்த ஒரு புள்ளியிலேயே 34 கி.மீ. நகர்ந்துவிடும். ஊரின் பெயரைத் தட்டினால் சில தளங்கள் ஊரின் நடுவிலிருந்து அளக்கும், நிலையத்திலிருந்து அளக்காது. அப்புறம் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கிற கதை தனி. ஆஸ்திரேலியச் சிட்னிக்குப் போக நினைத்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னியில் போய் இறங்கியவர்கள் உண்டு. டிக்கெட்டில் இருக்கும் நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியை வைத்துத் தேடுங்கள்.

அலைச்சல்காரன்

ரொம்ப நன்றி, 232 மட்டும் ரெண்டு நாளாக மண்டையைக் குடைந்தது. சரி, அப்படியானால் செயலி காட்டிய 476? மிச்சம் 46 கி.மீ. எங்கே போனது?

ஓடுதள விளிம்பு

பறப்புத் திட்டம் போடுகிற வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆ கிழக்கே இருந்து, அன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடித்தால், விமானம் முதலில் மேற்குப் பக்கமாக ஏறி, வளைந்து, பிறகுதான் கிழக்கே திரும்பும். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் வெளியேற வகுத்த பாதை ஒன்று, உள்ளே வர வகுத்த பாதை ஒன்று. நடுவில் வழிப்புள்ளிகள், ராணுவ வான்பகுதி இருந்தால் சுற்றிப் போவது, இடிமேகம் இருந்தால் விலகுவது. கடைசியில் ஓடுதளத்துக்கு நேராக வந்து நிற்க இன்னும் பத்துப் பன்னிரண்டு கடல் மைல். இதையெல்லாம் கூட்டினால் 46 கி.மீ. ரொம்பச் சாதாரணம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. தன் கரியமிலக் கணக்கில் இதற்கென்றே ஒரு திருத்தம் வைத்திருக்கிறது. பெருவட்டத் தூரம் 550 கி.மீ.க்குள் என்றால் 50 கி.மீ. கூட்டு, 5500 வரை 100, அதற்கு மேல் 125. உங்களுக்கு 430-உம் 50-உம் சேர்ந்து 480, செயலி காட்டியது 476. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டத்திலோ எந்த வழியாக இருந்தாலும் தட்டையாக 95 கி.மீ. சேர்ப்பார்கள். 5000 கி.மீ. போகிற விமானத்துக்கு இந்தச் சுற்று 2 சதவீதம். உங்கள் விமானத்துக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல். வழி குறுகக் குறுக இந்தச் சுற்றுதான் பெரிதாகத் தெரியும், சின்ன நிலையங்களுக்கு நடுவில் ஓடுகிற விமானங்களின் நேரத்தை எந்தத் தளமும் சரியாகச் சொல்லாததற்கு இதுவே பாதிக் காரணம்.

இப்போது நேரம். 8:10 என்பது சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் அசையும் நேரம். 9:35 என்பது அங்கே போய் நின்று கட்டை வைக்கும் நேரம். பறக்கும் நேரம் இதற்கு உள்ளே எங்கோ இருக்கிறது. இந்த முழு நீளத்துக்குத்தான் பிளாக் டைம் என்று பெயர், விமானிகளின் பறப்பு நேர வரம்பு இதோடு கட்டிப்போட்டது.

உங்கள் விமானத்தை நான் போட்டால் இப்படி வரும். 8:10-க்கு அசைந்து, ஓடுதள முனைக்குப் போய், 8:19-க்கு மேலே ஏறும். ஏ.டி.ஆர் மேலே நிலையாகப் போகும்போது 275 நாட், மணிக்குக் கிட்டத்தட்ட 510 கி.மீ. ஆனால் ஏறும்போது அந்த வேகம் வராது, முதல் கால் மணி நேரம் மெதுவாகத்தான் நகரும். கடைசி ஐந்தாறு நிமிடம் இன்னும் மெதுவு. எல்லாம் சேர்ந்து வானில் 64 நிமிடம் போல ஆகும். 9:23-க்குத் தரை, 9:27-க்கு நிறுத்துமிடம். மிச்சம் 8 நிமிடம் கையிருப்பு.

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா, 1:02 சொன்ன தளம் வானில் இருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் பக்கத்தில் வந்துவிட்டது. அவர்கள் வைத்த 800 கி.மீ. வேகம் இந்த விமானத்துக்குத் தவறு, கூட்டிய 30 நிமிடமும் தவறு, இரண்டு தவறும் ஒன்றையொன்று சாப்பிட்டுவிட்டன. அடுத்த வழிக்கு இப்படி அமையாது.

அலைச்சல்காரன்

64 என்கிறீர்கள், செயலி 58 என்கிறது. அது நடந்து முடிந்த பறப்பு, உங்களுடையது கணக்கு. நடந்ததைத்தானே நம்ப வேண்டும்?

இரவுப்பணி

இதற்கு நான் வருகிறேன். ஒரே ஓடுதளம் உள்ள சின்ன நிலையம் ஒன்றில் கோபுரத்தில் வேலை பார்த்தவன்.

அந்தச் செயலிகளுக்குத் தகவல் வருவது விமானம் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்-பி சமிக்ஞையிலிருந்து. 1090 மெகாஹெர்ட்ஸ், நேர்பார்வை இருந்தால்தான் எட்டும். பெரிய நகரத்து நிலையத்தைச் சுற்றி ஆர்வலர்கள் வைத்த வாங்கிகள் நிறைய இருக்கும், விமானம் தரையில் ஊர்வதுகூடத் தெரியும். சின்ன ஊரில் பக்கத்து வாங்கி எண்பது கி.மீ. தள்ளி ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும். விமானம் நாலைந்தாயிரம் அடி ஏறினால்தான் அதன் கண்ணில் படும், இறங்கும்போதும் அதே உயரத்தில் மறைந்துவிடும். இந்த முனையில் மூன்று நிமிடம், அந்த முனையில் மூன்று நிமிடம். உங்கள் 58 அப்படி வந்ததாகத்தான் இருக்கும். பறப்பின் உயர வரைபடத்தைத் திறந்து பாருங்கள், கோடு பூஜ்யத்தில் தொடங்காமல் நடுவானில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று, சின்ன நிலையம் என்றால் கூட்டம் இருக்காது, ஏறியதும் பறந்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வரிசையில் நிற்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் பல சின்ன நிலையங்களில் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் இணையாக ஊர்ந்து போக வழி கிடையாது. நிறுத்துமிடத்திலிருந்து ஒரு சின்ன இணைப்பு நேராக ஓடுதளத்தின் நடுவில் போய்ச் சேரும். விமானம் அங்கே நுழைந்து, ஓடுதளத்தின் மேலேயே முனை வரை ஊர்ந்து, அகலப்படுத்திய இடத்தில் முழு வட்டம் போட்டுத் திரும்பி, அப்புறம்தான் ஓட ஆரம்பிக்க முடியும். பேக்டிராக் என்பார்கள். அந்த நாலைந்து நிமிடமும் ஓடுதளம் அந்த ஒரு விமானத்தின் கையில். வேறொன்று இறங்க வந்தால் மேலே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரேடார் இல்லாத இடமென்றால் இன்னும் இழுக்கும், ஒவ்வொரு விமானமும் தான் எங்கே இருக்கிறேன் என்று வாயால் சொல்லச் சொல்ல, அதை வைத்துத்தான் இடைவெளி கணக்கிடுவோம்.

ஆ-வின் ஓடுதள வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். இணைவழி இல்லையென்றால் இறங்கிய பிறகும் இதே கதை, விமானம் முனை வரை ஓடிவிட்டால் திரும்பி ஊர்ந்து வர வேண்டும். விளிம்பு அண்ணன் கொடுத்த நாலு நிமிடம் ஏழாகிவிடும்.

வெண்மேகம்

டர்போபிராப் என்பதால்தானே இவ்வளவு நேரம்? இதே வழியில் ஜெட் விட்டிருந்தால் பாதி நேரத்தில் போயிருக்கலாமே.

ஓடுதள விளிம்பு

பாதி வராது. ஏர்பஸ் ஏ320 மாதிரி ஜெட் மேலே மணிக்கு 830 கி.மீ. போகும், உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் போக அதற்கு இங்கே இடமே கிடைக்காது. இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்று ஒரு பழைய விதி உண்டு. 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், 200 கி.மீ. ஏறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவே வேண்டும். 430 கி.மீ. வழியில் மேலே போனதும் கீழே வர ஆரம்பிக்க வேண்டும். அதனால் 28,000 அடி போல ஒரு உயரத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கிவிடும். பல நாடுகளில் பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் போகவும் கூடாது. வானில் 46 நிமிடம் போல வரும். மிச்சம் 18 நிமிடம். தரையில் ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த 18 நிமிடத்துக்காக எரியும் எண்ணெய் கணிசமாக அதிகம், 70 பேர் ஏறுகிற வழியில் 180 இருக்கையை ஓட்டுவது வேறு. அதனால்தான் இந்தத் தூரத்தில் டர்போபிராப் இன்னும் சாகவில்லை.

நிழற்குடை

எல்லாம் சரி ஐயா, அந்த 8 நிமிடக் கையிருப்பைப் பற்றி நைசாக ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே. அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். நேரத்தை ஊதிப் பெருக்கி வைத்துக்கொண்டு சரியான நேரத்துக்கு வருகிறோம் என்று சான்றிதழ் வாங்குவது கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலை இல்லையா?

ஓடுதள விளிம்பு

தாண்டவில்லை. அந்த விமானம் உங்களை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை, அன்றைக்கு ஆறு தடவையாவது ஏறி இறங்கும். ஒவ்வொரு இடத்திலும் தரையில் இருப்பது 25, 30 நிமிடம்தான். கையிருப்பே இல்லாமல் அட்டவணை போட்டால் காலையில் ஒருவர் மெதுவாக ஏறியதால் போன ஆறு நிமிடம், மதியம் பதினைந்தாகி, மாலையில் நாற்பதாகும். கடைசி நிலையத்தின் கோபுரம் அதற்குள் வேலை நேரம் முடிந்து மூடிவிட்டால் விமானம் அங்கே இறங்கவே முடியாது. சின்ன நிலையங்களில் பலவும் 24 மணி நேரமும் திறந்திருப்பவை இல்லை, இரவுப்பணி சொல்லட்டும். அதனால் அதே வழியில், அதே பருவத்தில், அதே வேளையில் முன்பு ஓடிய பறப்புகளின் பதிவை எடுத்து, பெரும்பாலான நாட்களுக்குப் போதுமான நேரத்தை வைக்கிறார்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒரே வழிக்கு வேறு வேறு நேரம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நிழற்குடை

சரி, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க 15 நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதமே இல்லை என்றுதான் கணக்கு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1987-லிருந்து அப்படித்தான் எண்ணுகிறது. உண்மையில் 9:27-க்கு வரக்கூடிய விமானம் 9:49-க்கு வந்தாலும் "சரியான நேரம்" என்றுதான் பதிவாகும். 22 நிமிடம் காற்றில் கரைந்துவிட்டது, புள்ளிவிவரத்தில் ஒரு கீறல் இல்லை. நீங்கள் சொன்ன காரணம் உண்மையாகவே இருக்கட்டும், அதே காரணத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாமே, யார் தடுப்பது?

ஓடுதள விளிம்பு

செலவுதான் தடுக்கிறது. விமானிகளுக்குப் பல இடங்களில் பிளாக் டைம் கணக்கில்தான் சம்பளம். ஒரு வழிக்குப் பத்து நிமிடம் ஊதினால் நாள் கடைசியில் ஒரு பறப்பே அட்டவணையில் இடமில்லாமல் போகும். அந்த 15 நிமிட அளவுகோல் தாராளமானது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

மூன்றாம்வரிசை

வருகை நேரம் என்றால் என்ன என்பதற்கு ஒரு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் போன ஒரு விமானம், சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து வந்தபோது 3 மணி 3 நிமிடம். மூன்று மணி நேரம் தாண்டினால்தான் இழப்பீடு. தொட்டதுதான் வருகை என்றது நிறுவனம். 2014-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பயணிகள் இறங்குவதற்காக ஒரு கதவாவது திறக்கும்போதுதான் வருகை என்று சொல்லிவிட்டது. கதவு மூடியிருக்கிற வரை உள்ளே இருப்பவர் தன் வேலையைப் பார்க்க முடியாது என்பதுதான் காரணம், எனக்கு இது ரொம்பப் பிடித்த தீர்ப்பு. அந்த இழப்பீட்டுச் சட்டத்திலும் 1500, 3500 கி.மீ. என்று வரம்புகள் உண்டு, தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக சாய்கோட்டின் 430-க்கும் ஒரு உபயோகம் இருக்கிறது.

சாய்கோடு

நிம்மதியாக இருக்கிறது.

வெண்மேகம்

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எதிர்க்காற்றில் போகும்போது எடுத்ததைத் திரும்பும்போது பின்காற்று திருப்பிக் கொடுத்துவிடும் அல்லவா? மொத்தத்தில் சமம்தானே?

சாய்கோடு

சமம் வராது, போட்டே காட்டுகிறேன். கணக்கு எளிதாக இருக்க 232 கடல் மைலையும் 275 நாட்டிலேயே போவதாக வைப்போம். காற்றில்லாமல் 51 நிமிடம், போய்வர ஏறக்குறைய 101. இப்போது 50 நாட் காற்று. எதிர்த்துப் போகும்போது 225 நாட், 62 நிமிடம். பின்னால் தள்ளும்போது 325 நாட், 43 நிமிடம். கூட்டினால் 105. எதிர்க்காற்றில் மெதுவாகப் போகிறீர்கள், அதனாலேயே அந்தக் காற்றில் அதிக நேரம் இருக்கிறீர்கள். காற்று எப்போதும் கொடுத்ததை விடக் கொஞ்சம் அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும்.

டர்போபிராப்புக்கு இது அதிகம் உறைக்கும். அதே 50 நாட் காற்றில் 450 நாட் போகும் ஜெட்டுக்குப் போக 35, வர 28, வித்தியாசம் ஏழு நிமிடம். உங்கள் விமானத்துக்கு 19. ஆனால் ஜெட் பறக்கும் உயரத்தில் காற்றும் பலமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதே வழிக்குச் சாதாரணமாக ஏழு மணி நேரம் என்று அட்டவணையில் இருக்கும்.

அலைச்சல்காரன்

காற்று என்றதும்தான் திரும்பும் டிக்கெட்டைச் சரியாகப் பார்த்தேன். போகும்போது 1:25, திரும்பும்போது 3 மணி 10 நிமிடம்! ஒரே விமான எண், மாறி ஏற வேண்டும் என்று எங்கும் இல்லை. எவ்வளவு காற்று அடித்தால் இப்படி ஆகும்?

மூன்றாம்வரிசை

அந்தக் காற்று அடித்தால் விமானம் பின்னோக்கித்தான் போகும்.

அது முக்கோண வழி. அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து இ, இ-யிலிருந்து அ. சின்ன ஊர்களுக்குத் தனித்தனியாகப் போய்வர ஆள் சேராததால் ஒரே விமானத்தைச் சுற்றிவிடுவார்கள். பாதிப் பேர் இ-யில் இறங்குவார்கள், புதியவர்கள் ஏறுவார்கள், நீங்கள் உட்கார்ந்தே இருப்பீர்கள். ஒரே எண் என்பதால் நடுவில் இறங்காது என்று அர்த்தமில்லை. பதிவு செய்யும் பக்கத்தில் "நிறுத்தம் 1" என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதை அழுத்தினால் விவரம் வரும்.

அலைச்சல்காரன்

ஆமாம், இருக்கிறது. ஆ–இ 1:05, தரையில் 40 நிமிடம், இ–அ 1:25. இதை யாராவது டிக்கெட் எடுக்கும்போதே பெரிய எழுத்தில் போடக் கூடாதா.

இரவுப்பணி

முக்கோணத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இ-யில் மூடுபனி என்றால் சில சமயம் இ-யை விட்டுவிட்டு நேராக அ-வுக்கு வந்துவிடும், உங்களுக்கு யோகம். அல்லது இ-யில் இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். திரும்பிய அன்று மாலையில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் எல்லா நாளும் ஓடாத வழியாக இருந்தால் அடுத்த விமானம் என்றைக்கு என்றும் இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள், அதுதான் 3:10-ஐ விட முக்கியம்.

தண்டவாளம்

இத்தனை கூத்துக்கு ரயிலிலேயே போய்விடலாம். வீட்டை விட்டு ஆறு மணிக்குக் கிளம்பி, சோதனைக்கு நின்று, காத்திருந்து, பறந்து, ஊருக்குள் போக 10:15. நாலேகால் மணி நேரம். 430 கி.மீ.க்கு நல்ல வேக ரயில் இருந்தால் இரண்டரை மணி நேரம்.

நிழற்குடை

இருந்தால்.

நெறியாளர்

ரயிலா விமானமா என்ற சண்டைக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே போய் வைத்துக்கொள்ளவும். தண்டவாளம், உங்களுக்கு அந்த இழை நன்றாகவே தெரியும்.

வெண்மேகம்

எல்லா இடத்திலும் இப்படி நேரம் வீங்குமா, இல்லை ரொம்பச் சின்ன வழிகளும் உண்டா?

மூன்றாம்வரிசை

உலகத்திலேயே குட்டியான அட்டவணைப் பறப்பு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே. 2.7 கி.மீ. அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளும் முடிந்திருக்கிறது. முதல் பதிவில் சொன்ன அந்த 30 நிமிடம் கூட்டுகிற தளத்தில் இதைத் தட்டிப் பாருங்கள், அரை மணி நேரம் என்று சொல்லும்.

இன்னொரு கூத்து, டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்த்து நேரம் கண்டுபிடிப்பவர்கள் நேர மண்டலத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நிலையத்தில் ஓடுதளமே இரண்டு மாநிலங்களின் எல்லையைத் தாண்டிப் போகிறது. ஒரு மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும், மற்றது வைக்காது.

அலைச்சல்காரன்

அப்படியானால் காலையில் நான் எத்தனை மணிக்கு ஊருக்குள் இருப்பேன் என்று சொல்லலாம்?

ஓடுதள விளிம்பு

காலையின் முதல் பறப்பு என்பது உங்களுக்குச் சாதகம், முந்தைய தாமதம் எதுவும் அதன் தலையில் விழாது, ஆனால் மூடுபனிக் காலம் என்றால் அதே முதல் பறப்புதான் முதலில் மாட்டும். டிக்கெட்டில் உள்ள 9:35-ஐ அடிப்படையாக வையுங்கள், 9:27-ஐ வைக்காதீர்கள். இறங்கி வெளியே வரப் பத்து நிமிடம், ஊருக்குள் 35. 10:20. அதன் மேல் ஒரு பத்து நிமிடம். 10:30 என்று சொல்லுங்கள்.

மூன்றாம்வரிசை

ஏ.டி.ஆர் 72-வில் பயணிகள் ஏறி இறங்குவது பின்பக்கக் கதவு வழியாக, முன்பக்கம் சரக்குக்கு. பெரிய விமானத்தில் பழகிய பழக்கத்தில் முன் வரிசை கேட்டு வாங்கினால் கடைசியில்தான் இறங்குவீர்கள். பின் வரிசை எடுங்கள். மேலே பெட்டி வைக்கும் இடமும் சின்னது, சக்கரம் வைத்த கைப்பெட்டி என்றால் படிக்கட்டுப் பக்கத்தில் வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள், இறங்கிய பிறகு அதற்கு நிற்க வேண்டும். தோள்பையோடு போங்கள்.

அலைச்சல்காரன்

கடைசிக்கு முந்தின வரிசை கிடைத்துவிட்டது. அவரிடமும் 10:30 என்று சொல்லிவிட்டேன். வேலையை 11:30-க்குத் தள்ளி வைக்கிறேன், உங்கள் விமானத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறார்.

நிழற்குடை

இதை முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம்.